ஆசிரியரும் பொலிசும்: கார்லைல் சுற்றுநிருபத்தின் கதை

சுற்றுநிருபம் என்ற சொல்லைக் கேட்டதும் பாடசாலை ஆசிரியர்க்குச் சிறிது சலிப்புத் தோன்றுதல் இயல்பு. மாதந்தோறும் கந்தோரிலிருந்து வரும். தலைமையாசிரியர் வாசித்துக் கையொப்பமிடுவார். பின்னர் அது கோவையிலே போய்ச் சேரும். அதன் ஆயுள் அவ்வளவே. ஆயினும் 1905ஆம் ஆண்டிலே வங்காளத்தில் எழுதப்பெற்ற ஒரு சுற்றுநிருபம் கோவைக்குள் அடங்கவில்லை. அது வீதிக்கு வந்தது. மாணாக்கர் சங்கம் ஒன்றையும், புதிய பாடசாலைகள் பலவற்றையும், ஈற்றில் ஒரு கல்லூரியையும் அது தன்னை எதிர்த்தே தோன்றச் செய்தது. மாகாண அதிபதி ஒருவர் பதவியிழப்பதற்கு வழிகோலிய பூசலும் அதனைச் சூழ எழுந்ததுதான். பாடசாலை ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு ஆசிரியருடையதா, பொலிசாருடையதா என்ற வினா அந்நாளிலே நேராக எழுந்தது.

கர்சன் பிரபு இந்தியாவின் இராசப்பிரதிநிதியாக இருந்த காலம் அது. வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரிப்பதென்ற தீர்மானம் 1905 யூலை மாதத்தில் வெளியாயிற்று. ஓகஸ்ட் 7ஆம் திகதி கல்கத்தா நகர மண்டபத்தில் மாபெருங் கூட்டம் கூடியது. பிரித்தானியப் பொருள்களை வாங்குவதில்லை என்னும் பகிஷ்காரத் தீர்மானம் அங்கே நிறைவேறியது. அன்று கல்லூரிச் சதுக்கத்திலே திரண்டு, அணிவகுத்து மண்டபத்துக்குச் சென்றவர்களிற் பெருந்தொகையினர் மாணாக்கர். அதன் பின் கடைவாயில்களில் நின்று பிறநாட்டுத் துணி வாங்க வேண்டாமென்று மன்றாடியவர்களும், சுதேசித் துணியைத் தோளிற் சுமந்து வீடுவீடாக விற்றவர்களும், வீதிகளிலே 'வந்தே மாதரம்' என்று முழங்கியவர்களும் அவர்களே. பிரிவினை ஒக்டோபர் 16ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைகள் செய்தன யாவும் நல்லனவென்று கொள்வதற்கில்லை. மன்றாட்டு சில இடங்களிலே மிரட்டலாக மாறியது. கடைக்காரர் துணி எரிக்கப்பட்டதுமுண்டு. மலிவான மான்செஸ்டர்ப் புடைவையை விட்டு விலைகூடிய நாட்டுப் புடைவையை வாங்க வசதியற்ற ஏழைகள், சிறப்பாகக் கிழக்கு வங்காளத்து முஸ்லிங் குடியானவர், இந்த வற்புறுத்தலால் மனம் நொந்தனர். தொடக்கத்தில் இயக்கத்தின் நடுவே நின்ற இரவீந்திரநாத தாகூர் பின்னர் விலகிக்கொண்டமைக்கு இதுவுங் காரணம். 1916இல் நூலாக வெளிவந்த 'வீடும் வெளியும்' என்னும் அவருடைய நாவலிலே அந்தத் துயரம் பதிந்திருக்கின்றது. ஆகவே, மாணாக்கரைச் சிறிது தடுத்து நிறுத்தவேண்டுமென்று அரசினர் கருதியதிலே நியாயமே இல்லையென்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர்கள் தெரிந்தெடுத்த வழியே வினாவுக்குரியது.

ஒக்டோபர் 10ஆம் திகதியிட்டு வங்காள அரசின் பதிற் பிரதம காரியதரிசி ஆர். டபிள்யூ. கார்லைல் என்பார் மாவட்ட நீதவான்களுக்கும் கலெக்டர்களுக்கும் அந்தரங்கமாக ஒரு நிருபம் அனுப்பினார். 'ஸ்டேற்ஸ்மன்' பத்திரிகை எவ்வாறோ அதனைப் பெற்று 22ஆம் திகதி வெளியிட்டுவிட்டது. பள்ளிச் சிறுவரையும் கல்லூரி மாணாக்கரையும் அரசியலுக்குப் பயன்படுத்துவது ஒழுக்கத்தைக் குலைப்பதென்றும், அவர்களுடைய நன்மைக்கே கேடானதென்றும் நிருபம் கூறியது. இவ்வளவோடு நின்றிருந்தால் நல்லாசிரியர் பலர் தலையசைத்திருப்பர். ஆனால், பகிஷ்காரத்தோடு தொடர்பான பொதுச் செயல்களில் மாணாக்கர் ஈடுபடாதவாறு அதிகாரிகள் தடுக்கத் தவறினால், அப்பாடசாலையின் நன்கொடைப் பணம் நிறுத்தப்படும்; புலமைப்பரிசிற் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் உரிமை பறிக்கப்படும்; பல்கலைக்கழகத்தோடுள்ள இணைப்பை நீக்குமாறுங் கேட்கப்படும். பிள்ளைகளை அடக்க முடியாத அதிகாரிகள் அவர்களின் பெயர்களை மாவட்ட அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். கலகம் நேருமென்று அஞ்ச இடமிருப்பின், அப்பாடசாலையின் ஆசிரியரையும் முகாமையாளரையும் விசேட பொலிஸ்காரராகப் பதிந்துகொள்ள நேரிடும் என்பது அனைத்துக்கும் முடியாக அமைந்தது.

இவ்வச்சுறுத்தல்களின் பாரத்தை இக்காலத்து நேயர்கள் உணர்வதற்கு, அன்றைய பாடசாலை எதனால் உயிர்வாழ்ந்தது என்பதை அறிதல் வேண்டும். 1854ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்துக்குப் பின் இந்தியாவின் தனியார் பாடசாலைகளிற் பல அரசாங்க நன்கொடையை நம்பியே நடந்தன. றிப்பன் கல்லூரி, சிற்றி கல்லூரி முதலான கல்கத்தாவின் தனியார் கல்லூரிகளோ மாணாக்கரின் சம்பளப் பணத்தாலே நடப்பன. நன்கொடையை நிறுத்துவதால் அவற்றை அசைத்தல் அரிது. ஆயினும் பல்கலைக்கழக இணைப்புப் போயிற்றாயின் அங்கே படிப்பவன் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. பரீட்சை இல்லையேல் அரசாங்க உத்தியோகமில்லை; உத்தியோகமில்லையேல் பெற்றோர் பிள்ளையை அனுப்பார். இணைப்பு என்பது எத்துணைப் பெரிய கயிறு என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியே அதே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து வந்த அந்தப் பரீட்சையை நோக்கி இங்கும் பிள்ளைகள் இரவிரவாகப் படித்தார்கள்.

பணமும் பரீட்சையும் ஒருபுறமிருக்க, ஆசிரியர் உள்ளத்தைச் சுட்டது விசேட பொலிஸ் என்ற சொல்லேயாம். 1861ஆம் ஆண்டு இந்தியப் பொலிஸ் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, கலகம் நிகழ்ந்த இடத்திலோ நிகழக்கூடுமென்று அஞ்சப்படும் இடத்திலோ வாழும் எவரையும் நீதவான் விசேட பொலிசாக நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவருக்குப் பொலிஸ்காரனுக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவனைப் போலவே மேலதிகாரியின் கட்டளைக்கு அடங்கவும் வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்தால் 19ஆம் பிரிவின்படி 50 ரூபாவரை குற்றப்பணம். காலையிலே இலக்கணம் படிப்பித்த ஒருவர் மாலையிலே சந்தை வாயிலில் நின்று, காலையில் முன்வாங்கிலில் இருந்த பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கவேண்டிய நிலை ஏற்படலாம். அந்நிலை ஏற்படாவிடினும், பெயர்களை எழுதி அனுப்பும் கடமை ஏற்கெனவே அவர் தலைமேல் ஏற்றப்பட்டாயிற்று.

ஆசிரியர் மாணாக்கரைத் தண்டிப்பது புதிதன்று. அக்காலத்துப் பள்ளிகளிலே பிரம்பு தாராளமாகவே வழங்கியது. ஆயினும் பள்ளிக்குள் நடந்த தண்டனை பள்ளிக்குள்ளேயே தீர்ந்துபோகும். தவறு செய்தவன் மறுநாள் அதே வாங்கிலிலே அமர்வான். ஆசிரியரும் அதனை மறந்து பாடத்தைத் தொடங்குவார். பொலிஸ் ஏட்டிலே ஏறிய பெயர் அவ்வாறு அழிவதில்லை. தன் வாயிலிருந்து வரும் ஒரு சொல் நீதவானின் மேசைவரை போகக்கூடுமென்று அறிந்த பிள்ளை, வகுப்பறையிலே தன் கருத்தைச் சொல்லான். ஆசிரியரிடம் ஐயம் கேட்கவும் அஞ்சுவான். கார்லைல் துரைக்கு இது தோன்றவில்லைப் போலும். அவர் நிருவாகி, பாடசாலை அவருக்கு மாவட்டத்திலுள்ள பல தாபனங்களுள் ஒன்று.

நிருபம் வெளியான சில நாள்களில் கல்கத்தாவிலே கூட்டத்தின் மேற் கூட்டம் நடந்தது. நவம்பர் 4ஆம் திகதி மாணாக்கர் கூடிச் சுற்றுநிருப எதிர்ப்புச் சங்கம் என்ற பெயரால் ஒரு சங்கத்தை நிறுவினர். 'சஞ்சீவனி' பத்திரிகையின் ஆசிரியரும் சிற்றி கல்லூரியிலே படிப்பித்தவருமாகிய கிருஷ்ணகுமார மித்திரர் அதன் தலைவர். சசீந்திர பிரசாத வசு என்னும் இளைஞர் காரியதரிசி. பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு கல்வி தேடிக் கொடுப்பதும், சுதேசிப் பொருள்களை ஊரூராகக் கொண்டு சென்று விற்பதும் சங்கத்தின் வேலைகள். ஒரு சுற்றுநிருபத்தை எதிர்ப்பதையே பெயராகக் கொண்ட சங்கம் கல்வி வரலாற்றிலே வேறு எங்கேனும் இருந்ததோ என்பது ஐயமே.

இதற்குள் வடக்கே இரங்கபூரில் முதல் அடி விழுந்துவிட்டது. ஒக்டோபர் 31ஆம் திகதி நடந்த சுதேசிக் கூட்டமொன்றுக்கு அவ்வூர் அரசினர் பாடசாலைப் பிள்ளைகள் சென்றனர். மாவட்ட நீதவான் ஆளுக்கு 5 ரூபா குற்றப்பணம் விதித்தார். செலுத்தாதவன் பாடசாலைக்கு வரலாகாது. 5 ரூபா அந்நாளிலே சிறுதொகையன்று. கொடுக்கக்கூடிய பெற்றோரும் கொடுக்க மறுத்தனர். கூட்டத்துக்குப் போனது பாடசாலை நேரத்துக்குப் பின். போனது ஊர்ப் பெரியோர் கூட்டிய கூட்டத்துக்கு. இதில் பாடசாலை விதி எது மீறப்பட்டது என்பது அவர்கள் கேள்வி. விடை வரவில்லை. நவம்பர் 8ஆம் திகதி, குற்றப்பணம் விதித்து எட்டு நாள்கூட நிறைவதற்கு முன், அப்பிள்ளைகளுக்காக இரங்கபூரில் ஒரு தேசியப் பாடசாலை திறக்கப்பட்டது. சுதேசி இயக்கம் ஈன்ற தேசியப் பாடசாலைகளுள் முதலாவது அதுவே. அவ்வூர் வழக்கறிஞரும் கனவான்களும் விசேட பொலிஸ்காரராக நியமனம் பெற்ற வேடிக்கையும் அதே நாள்களில் நிகழ்ந்தது.

மறுநாள், நவம்பர் 9ஆம் திகதி, கல்கத்தாவில் நடந்த கூட்டத்திலே சுபோத சந்திர மல்லிகர் என்ற இளஞ் செல்வர் தேசியக் கல்விக்கென ஓர் இலட்சம் ரூபா தருவதாக வாக்களித்தார். மாணாக்கர் அவரை அன்றுமுதல் இராசா என்றே அழைக்கலாயினர். கௌரிபூர்ப் பிரபு விரசேந்திர கிசோர ராய் சௌதுரியார் 5 இலட்சம் வழங்கினார். 1906 மார்ச் 11ஆம் திகதி தேசியக் கல்விக் கழகம் உருவாயிற்று. ஓகஸ்ட் 14ஆம் திகதி வங்காளத் தேசியக் கல்லூரியின் தொடக்க விழா நடந்தது. பரோடா சமஸ்தானத்திலே நல்ல வேதனம் பெற்றுக்கொண்டிருந்த அரவிந்த கோசர் அதனை விட்டு, அதனினும் மிகக் குறைந்த வேதனத்துக்கு இக்கல்லூரியின் அதிபரானார்.

புதிய மாகாணமாகிய கிழக்கு வங்காளத்திலே நிலைமை இன்னுங் கடுமை. அதன் உப தேசாதிபதி சேர் பம்பில்ட் புல்லர். அவருடைய பிரதம காரியதரிசி பி. சி. லயன் வெளியிட்ட நிருபங்கள் வீதியிலே 'வந்தே மாதரம்' என்று கூவுவதையே தடைசெய்தன. பாடசாலைகளைக் கண்காணிக்க அதிகாரிகள் திரிந்தனர். சில ஊர்களில் கூர்க்காப் படையும் நிறுத்தப்பட்டது.

அம்மாகாணத்திலே பரிசால் என்னும் ஊருக்குத் தனிச் சிறப்பு உண்டு. அங்கே அசுவினிகுமார தத்தர் 1884இல் தம் தந்தையார் பெயரால் நிறுவிய விரசமோகன பாடசாலை, உண்மை, அன்பு, தூய்மை என்னும் மூன்றையும் குறிக்கோளாகக் கொண்டது. பிள்ளைகள் ஊரிலே நோயாளரைப் பேணுவதும் பஞ்சத்திலே அரிசி சுமப்பதும் அப்பாடசாலையின் பாடத்திட்டத்தில் எழுதாத பாடங்கள். அத்தகைய ஊரிலே 1906 ஏப்பிரல் 14ஆம் திகதி வங்காள மாகாண மகாநாடு கூடியது. தலைவர் அப்துல் ரசூல் என்னும் பாரிஸ்டர். சுற்றுநிருப எதிர்ப்புச் சங்கத்து இளைஞர் 'வந்தே மாதரம்' என்று பொறித்த சின்னத்தை அணிந்து ஊர்வலத்தின் பிற்பகுதியிலே வந்தனர். முன்னே சென்ற தலைவர்களைப் போகவிட்ட பொலிசார், பின்னே வந்த இவ்விளைஞர்மேல் நீண்ட தடிகளோடு பாய்ந்தனர். சித்தரஞ்சன குகர் என்னும் இளைஞர் அடிபட்டுக் குளத்துக்குள் வீழ்ந்தும் அடி நிற்கவில்லை. மகாநாட்டின் மூத்த தலைவராகிய சுரேந்திரநாத பானர்ஜி அங்கேயே கைது செய்யப்பட்டு, நீதவானால் தண்டப்பணம் விதிக்கப்பெற்றார். மறுநாள் மகாநாடும் கலைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன் ஒழுக்கத்தைக் காப்பதற்கென எழுதப்பட்ட நிருபம் சென்றடைந்த இடம் இது.

புல்லரின் முடிவு விரைவிலே வந்தது. சிராசகஞ்சிலுள்ள இரண்டு உயர்தரப் பாடசாலைகளின் பிள்ளைகள் கலகஞ் செய்தனரென்று குற்றஞ்சாட்டி, அவ்விரண்டின் இணைப்பையும் நீக்குமாறு அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கர்சனுக்குப் பின் வந்த மிண்டோ பிரபுவின் அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. விடயம் பல்கலைக்கழக மன்றத்திலே விவாதிக்கப்பட்டால் பிரிவினைப் பூசல் மீண்டுங் கொழுந்துவிடுமென்று அஞ்சி, வேண்டுகோளை மீளப்பெறுமாறு அறிவுரை கூறினர். புல்லர் பிடிவாதக்காரர், அவ்வாறு செய்வதாயின் பதவியையே விடுவேனென்றார். விடலாமென்று மிண்டோ இசைந்துவிட்டார். 1906 ஓகஸ்டில் அவர் பதவி நீங்கினார். இரண்டு பள்ளிக்கூடங்களின் பொருட்டு ஒரு மாகாண அதிபதி பதவியிழந்தது அக்காலத்து ஆங்கிலேயரிடையே பெரும் பேச்சாயிற்று.

பூசல் வங்காளத்தோடு நிற்கவில்லை. 1907 ஏப்பிரலிலே விபின் சந்திர பாலர் சென்னை மாகாணத்துக்குப் பிரசாரஞ் செய்ய வந்தார். ஆந்திரத்து இராசமகேந்திரபுரத்திலே அவருடைய பேச்சைக் கேட்ட மாணாக்கர் 'வந்தே மாதரச்' சின்னத்தை அணிந்து அரசினர் கல்லூரிக்குச் சென்றனர். அதிபர் மார்க் ஹண்டர் அதனைக் கழற்றச் சொன்னார், மறுத்தவர்களை இடைநிறுத்தினார், கழற்றியவர்களும் தோழருக்காக வெளியேறினர். பயிற்சிக் கல்லூரியிலிருந்து காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் வெளியேற்றப்பட்டார்; பின்னாளிலே ஆந்திரத்து நூல்நிலைய இயக்கத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர் அவரே. ஒரு துண்டுச் சீலையிலே எழுதிய இரண்டு சொல் எவ்வகையால் வகுப்பைக் குழப்பியது என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. மே மாதத் தொடக்கத்திலே பாலர் சென்னைக் கடற்கரையிற் பேசியபோதும் கூட்டத்தை நிரப்பியவர் மாணாக்கரே. சுப்பிரமணிய பாரதியார் 'இந்தியா' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த நாள்கள் அவை. பஞ்சாபிலே லாலா லஜபதிராயர் கைதானாரென்ற செய்தி வரவே, பாலர் தம் பேச்சுத் தொடரை இடையிலே நிறுத்திக்கொண்டு திரும்பினார்.

அதே மே மாதம் 6ஆம் திகதி இந்திய அரசாங்கத்தின் உள்நாட்டுக் காரியதரிசி எச். எச். றிஸ்லி எல்லா மாகாணங்களுக்கும் ஒரு நிருபம் அனுப்பினார். கார்லைலினதைக் காட்டிலும் இது சிந்தித்து எழுதப்பட்டது. பள்ளிச் சிறுவரையும் கல்லூரி மாணாக்கரையும் அது வேறுபடுத்தியது. சிறுவர் அரசியற் கூட்டங்களுக்குச் செல்வதைத் தடுக்கலாமென்றும், வளர்ந்த மாணாக்கரிடம் அவ்வளவு கண்டிப்புப் பொருந்தாதென்றும் கூறியது. ஆசிரியருக்குத் தமக்கென ஒரு கருத்து இருக்கலாம், அதனைப் பிள்ளைகளுக்கு ஊட்டிக் கிளறிவிடலாகாது என்றும் வரையறுத்தது. ஆசிரியரைப் பொலிஸ்காரராக்கும் பேச்சு அதில் முதன்மை பெறவில்லை. நன்கொடை, இணைப்பு என்னும் பழைய கயிறுகளோ அதிலும் இருந்தன. இரண்டாண்டுப் பட்டறிவினாலே அரசினர் சிறிது கற்றுக்கொண்டனரென்று தோன்றுகிறது.

தண்டனைகள் வேறு வடிவிலே தொடர்ந்தன. 1908 திசெம்பரிலே, 1818ஆம் ஆண்டின் மூன்றாம் பிரமாணம் என்னும் பழைய சட்டத்தைக் கொண்டு வங்காளத் தலைவர் ஒன்பதின்மர் விசாரணையின்றி நாடுகடத்தப்பட்டனர். அசுவினிகுமார தத்தர், கிருஷ்ணகுமார மித்திரர், சுபோத மல்லிகர் ஆகியோர் அவ்வொன்பதின்மருள் அடங்குவர். சங்கத்தின் காரியதரிசியாகிய இளைஞர் சசீந்திர பிரசாதரும் உடன் சென்றார். 1910 பெப்ரவரியிலேதான் விடுதலை கிடைத்தது. தேசியப் பாடசாலைகளும் ஒவ்வொன்றாக மெலிந்தன. அவற்றின் பத்திரம் உத்தியோகத்துக்குச் செல்லாது. தேசாபிமானம் மிக்க தகப்பனாருங்கூடத் தம் மகனை அங்கே அனுப்புமுன் இருமுறை எண்ணினார். அவரைக் குறைகூறுவது எளிது. மூன்று பெண்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு மகனையே நம்பியிருந்தவர்க்கு வேறு வழி என்ன இருந்தது? கழகத்தின் தொழில்நுட்பப் பகுதி மாத்திரம் வேரூன்றி வளர்ந்தது. அதன் வழிவந்ததே 1955ஆம் ஆண்டிலே சட்டபூர்வமாக நிறுவப்பெற்ற யாதவபூர்ப் பல்கலைக்கழகம். பிரிவினையோ 1911 திசெம்பரிலே தில்லி தர்பாரில் இரத்தாயிற்று.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. 1916 சனவரியிலே கல்கத்தா அரசினர் மாகாணக் கல்லூரியில் ஓட்டன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர், விறாந்தையிலே இரைச்சலிட்டனரென்று மாணாக்கரைத் தள்ளினார். மாணாக்கர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதிபர் ஜேம்ஸ் அவர்களுக்குக் குற்றப்பணம் விதித்தார். பேராசிரியரும் மாணாக்கரும் பேசிச் சமாதானமாகினர். குற்றப்பணம் மட்டும் நீக்கப்படவில்லை. பெப்ரவரி 15ஆம் திகதி ஓட்டன் மறுபடியும் ஒரு மாணாக்கன்மீது கைவைத்தாரென்ற செய்தி பரவியது. அன்று அவர் கல்லூரிப் படிக்கட்டினடியிலே தாக்கப்பட்டார். அரசினர் கல்லூரியை மூடி, விசாரணைக் குழுவொன்றை நியமித்தனர். இதனிடையே கல்வி நிருவாகத்துக்குப் பொறுப்பான சபை உறுப்பினரோடு அதிபர் ஜேம்ஸ் வாக்குவாதப்பட்டு, அவரே வேலையினின்று நிறுத்தப்பட்டார். அந்த உறுப்பினர் வேறெவருமல்லர். பத்தாண்டின் முன் கிழக்கு வங்காளத்திலே நிருபம் எழுதிய லயனே.

விசாரணைக் குழுவின் தலைவர் சேர் அசுதோஷ் முகர்ஜி. 1883இலே சுரேந்திரநாத பானர்ஜி சிறைப்பட்டபோது, நீதிமன்றத்தின் முன் ஆரவாரஞ் செய்து யன்னற் கண்ணாடிகளை உடைத்த மாணாக்கர் கூட்டத்திலே இவரும் ஒருவரென்று சுரேந்திரநாதர் தம் வாழ்க்கை வரலாற்றிலே நகைச்சுவையோடு குறிப்பிடுகின்றார். அவர் முன்னிலையிலே மாணாக்கர் சார்பாகத் தோன்றினார் சுபாஷ் சந்திர போஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். ஓட்டனைத் தாக்கியது சரியென்று கருதுகின்றீரா எனக் கேட்டபோது, தாக்கியது சரியன்று, ஆயினும் மாணாக்கர் மிகவும் ஆத்திரமூட்டப்பட்டிருந்தனர் என்று அவர் விடையளித்தார். முதற்பகுதியோடு நிறுத்தியிருந்தால் தண்டனை குறைந்திருக்கக்கூடும். இரண்டாம் பகுதியையும் சேர்த்தே சொன்னார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். ஓராண்டுக்கு மேலாகக் கட்டாக்கிலே பெற்றோரோடு இருந்தபின், வேறு கல்லூரியிற் சேரப் பல்கலைக்கழகம் இசைந்தது. 1917 யூலையிலே ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரியின் அதிபர் அவரைத் தத்துவ வகுப்பிலே சேர்த்துக்கொண்டார்.